பென்சில் பெட்டிக்குள் பாதி மாத்திரை

1

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம் நிறைந்த நாளன்று, மாலையில் கேக் வெட்டலாம் என்று என் கணவர் சொல்லியிருந்தார். மத்தியானமே மகளின் பாடசாலையிலிருந்து உடனே வரச் சொல்லித் தொலைபேசி வந்துவிட்டது. ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஒரு சிறிய அறையில், மேசைமேல் கடதாசிக் கைக்குட்டை ஒன்றை விரித்து, அதன் நடுவில் பாதி மாத்திரையை வைத்திருந்தார்கள். செத்த பூச்சியை வைத்திருப்பதுபோல் இருந்தது.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தேன். அங்கேயே தோட்டப் பாடசாலையில் சில வருடங்கள் படிப்பித்தேன். நாட்டில் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் வரிசை நின்ற காலத்தில் விசா எடுத்து இங்கிலாந்துக்கு வந்தோம். இப்போது கடலோரச் சிற்றூர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். கணவர் சிவா கந்தப்பளைக்காரர். அங்கே மரக்கறி லொறி ஓட்டினார். இங்கே மரக்கறி பொதிசெய்யும் ஆலையில் நிற்கிறார். கடல் தாண்டி வந்தும் லீக்ஸ் தன்னை விடவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மகள் தனுவுக்கு ஏழு வயது.

நடந்தது இதுதான். விளையாட்டு நேரத்தில் லூசி என்ற சிநேகிதி தலை வலிக்கிறதென்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தனு வகுப்புக்குள் போய்ப் பென்சில் பெட்டியைத் திறந்து, கொப்பித்தாளில் மடித்து வைத்திருந்த பாதி மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்து, "இதைத் தண்ணீரோடு விழுங்கு, கொஞ்ச நேரத்தில் போய்விடும்" என்று கொடுத்திருக்கிறாள். லூசி நல்ல பிள்ளை. தண்ணீர் கேட்டு ஆசிரியையிடம் போயிருக்கிறாள். அதனால்தான் விஷயம் மேசைக்கு வந்தது.

பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான மிஸஸ் ஹார்ட், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து என்னோடு பேசினார். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் பேசினார்.

"இது என்ன மருந்து? இதைப் பிள்ளையின் பெட்டியில் யார் வைத்தது?"

யாரென்று எனக்குத் தெரிந்தது. அன்று காலை நான் எழும்பவில்லை. இடது கண்ணுக்குப் பின்னால் வழக்கமான இடி. சிவாதான் தனுவைக் குளிக்கவைத்து, உடுப்பாட்டி, பை கட்டி அனுப்பினார். முதல்நாள் அவள் தலைவலியென்று சிணுங்கியிருந்தாள். ஆகவே பாதி மாத்திரையை மடித்து வைத்திருக்கிறார். அவருடைய அம்மா அவருக்குச் செய்தது அது. என் அம்மா எனக்குச் செய்ததும் அதுதான்.

அவரும் ஆலையிலிருந்து நேரே வந்து சேர்ந்தார். பூட்ஸோடு, வெங்காயத்தாள் வாடையோடு. அந்த வாடை எனக்கு வயிற்றைப் புரட்டியது. நிலைமையைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சமாதானம் சொன்னார்:

"பாதிதான் மேடம். முழுசு இல்லை. பிள்ளைக்குப் பாதி."

மிஸஸ் ஹார்ட் எழுதிக்கொண்டார். கூரையில் குழல்விளக்கு இரைந்தது. வெளிச்சம் ஊசிபோல் இறங்கியது. நான் கைப்பையைத் திறந்தேன், மாத்திரை அட்டையை எடுத்தேன், இரண்டைப் பிதுக்கினேன், மிஸஸ் ஹார்ட் எனக்காக வைத்திருந்த தண்ணீரைக் குடித்து விழுங்கினேன். விழுங்கி முடித்த பிறகுதான் எல்லோரும் என்னைப் பார்ப்பதைக் கவனித்தேன். மிஸஸ் ஹார்ட்டின் பேனா அசையாமல் நின்றது.

"இதை எவ்வளவு அடிக்கடி சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் சிவா சொன்னார்: "சாப்பிடாத நாளைக் கேளுங்கள் மேடம். அது சுலபம்."

2

மலையகத்துத் தலைவலியைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. எழுதத் தோன்றியிருக்காது. அது நோயென்று யாரும் நினைப்பதில்லை. மழைபோல, காலில் ஏறும் அட்டைபோல அது இருக்கும்.

எங்கள் லயத்து வரிசைவீடுகளில், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன், பெண்கள் வெறும் வயிற்றில் பாலில்லாத சாயத்தண்ணீரோடு இரண்டு வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் படியிறங்குவார்கள். வலி வந்ததால் அல்ல, வரக்கூடாதென்பதற்காக. கடையில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒற்றை ஒற்றையாக விற்பார்கள். சீனி இரவல் கேட்பதுபோல் அடுத்த காம்பரா வீட்டில் மாத்திரை இரவல் கேட்கலாம். யாரும் இல்லையென்று சொன்னதில்லை. பிள்ளைகளுக்குப் பாதி. முறித்து, கொப்பித்தாளில் மடித்து, கணிதப்பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். நான் படிப்பித்த பாடசாலையிலும் ஆசிரியர் அறை அலுமாரியில் ஒரு போத்தல் இருந்தது. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைகள் பத்து மணிக்கு மேல் தலையைப் பிடித்துக்கொண்டு வரும். பசிக்கு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது நினைத்தால் குமட்டுகிறது. அப்போது யாருக்கும் குமட்டவில்லை.

மலையில் கொழுந்து பறித்து நிற்கும்போது வலி தாங்காமல் ஒருத்தி உட்கார்ந்தால், கங்காணி கேட்கும் முதல் கேள்வி, "மாத்திரை போட்டியா?" என்பது. போடவில்லையென்றால் குற்றம் அவளுடையது. போட்டும் வலிக்கிறதென்றால், "இன்னொண்ணு போட்டுட்டு நில்லு." இறங்கிப் போனால் அரைப்பேர், பாதிநாள் சம்பளம்தான் விழும். ஆகவே யாரும் இறங்குவதில்லை. தேயிலைச் செடிக்கு அடியில் வாந்தியெடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கூடைக் கயிற்றை மறுபடி தலையில் மாட்டிக்கொள்வார்கள். அதைப் பொறுமை என்று நானும் பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பெரிய வித்தியாசமில்லை. எங்கள் பெண்கள் பலருக்குச் சிங்களம் வராது. ஆனால், "டொக்டர் மாத்தயா, ஒளுவ ரிதெனவா" என்று தலைவலியைச் சொல்லும் அந்த ஒரு வசனம் எல்லோருக்கும் வரும். அதற்குக் கிடைப்பதும் ஒரே உறைதான். அதே வெள்ளை மாத்திரை.

3

விஷயம் பாடசாலையோடு முடியவில்லை. ஒரு கிழமை கழித்து, பிள்ளைகள் நலத் துறையிலிருந்து ஒரு பெண்மணி வீட்டைப் பார்க்க வந்தார். கெட்டவர் இல்லை, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சமையலறை அலுமாரிகளைத் திறந்தார். கருவாட்டு டப்பாவைத் திறந்ததும் மூக்கு ஒருமுறை சுருங்கியது. தேயிலை டப்பாவுக்குப் பக்கத்திலும், குளிர்சாதனப் பெட்டியின் மேலும், தலையணைக்கு அடியிலும், என் வேலைச்சட்டைப் பையிலும் மாத்திரை அட்டைகள் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்க, ஒரு பிறத்தியாளின் கண்ணால் என் வீட்டை நானும் முதல்முறை பார்த்தேன். சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிக் குவித்ததுபோல் இருந்தது. அருவருப்பாக இருந்தது. அவர்மேலா, என்மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மருந்துகளைப் பூட்டிவைக்க ஒரு பெட்டி வாங்க வேண்டும், தாயும் மகளும் டொக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த நாட்டில் டொக்டரைப் பார்ப்பதைப் பற்றி ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். காலையில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்க வேண்டும். பாட்டு முடிந்து ஆள் வந்தால், இன்றைய இடங்கள் முடிந்துவிட்டன, நாளைக்கு எடுங்கள் என்பார்கள். பல காலைகள் அந்தப் பாட்டைக் கேட்டோம். தனுவுக்கு அது மனப்பாடமாகி, குளிக்கும்போது முணுமுணுக்கத் தொடங்கிவிட்டாள். தமிழில் ஒரு தாலாட்டுகூட அவளுக்கு முழுதாகத் தெரியாது.

கடைசியில் கிடைத்த டொக்டர் என் வயதுப் பெண். எனக்கு ஆங்கிலம் போதும் என்று சொல்லியும், வழமை என்று தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைத்தார். அந்த அம்மாவின் தமிழ் யாழ்ப்பாணத்துத் தமிழ், அதில் சாதாரணத் தலைவலிக்கே தலையிடி என்றுதான் பெயர். "இடி இடிக்கிற மாதிரி வலிக்குதுங்க" என்று நான் சொன்னதை, "அவருக்குச் சற்றுத் தலையிடியாம்" என்ற அளவில் அவர் ஆங்கிலமாக்கினார். என் இடி எங்கேயோ போய்விட்டது. நன்றி சொல்லி அவரை அனுப்பிவிட்டு நானே பேசினேன்.

ஒரு பக்க வலி, துடிப்பு, வாந்தி, வெளிச்சமும் சத்தமும் வாடையும் பகை, வலிக்கு முன் சில நாட்களில் கண்ணெதிரே ஓடும் பல்லுப்பல்லான வெளிச்சக்கோடு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது மைக்ரேன் என்றார். அது எனக்கு ஓரளவு தெரிந்ததுதான். தெரியாததை அடுத்துச் சொன்னார். வலிமாத்திரையை மாதத்தில் பாதி நாட்களுக்கும் மேலாக, மாதக்கணக்கில் சாப்பிட்டால், அந்த மாத்திரையே தலைவலியைத் தினமும் கூட்டிவரத் தொடங்கும். மாத்திரையின் வேகம் இறங்கும்போது வலி எழும். வலிக்கு மறுபடி மாத்திரை. கோடைன் என்ற அபின்வகை மருந்து கலந்த மாத்திரை என்றால் இன்னும் குறைந்த நாட்களே போதும்.

"நிறுத்த வேண்டும். முதலில் மோசமாகும். சில கிழமைகள். பிறகு குறையும்."

"வேலைக்கு எப்படிப் போவது?" என்று கேட்டேன்.

விடுப்புக்கு ஒரு கடிதம் தருகிறேன் என்றார். என் விசா அந்த முதியோர் இல்லத்தின் கையில் இருக்கிறது என்பதை அவருக்கு எப்படி விளக்குவதென்று தெரியாமல் தலையாட்டினேன்.

வராமல் தடுப்பதற்கென்று தினமும் சாப்பிடும் மருந்துகள் இருக்கின்றனவாம். ஒன்றைச் சாப்பிடும்போது கர்ப்பமாகவே கூடாது, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். "இன்னொரு பிள்ளைக்கு யோசனை இருக்கிறதா?" என்று கேட்டார். சிவா கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த மருந்து வேண்டாமென்று அவரே முடிவுசெய்துவிட்டார். இன்னொன்று இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் மருந்து. ஆஸ்துமா இருந்தால் கூடாது. எனக்கு இல்லை. அதைக் குறைந்த அளவில் தொடங்கினார். உடனே பலன் தெரியாது, இரண்டு மாதமாவது பொறுக்க வேண்டும் என்றார். மாத்திரையை நிறுத்த ஒரு மாத்திரை. சிவாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

பிறகு அன்றாடம். சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. விடுமுறை நாளென்றாலும் அதே நேரத்தில் படுத்து அதே நேரத்தில் எழ வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். நடக்க வேண்டும். தேநீரைக் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் அதுவும் தலைவலி, ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளிடம் தேநீரைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள்.

தனுவையும் பார்த்தார். நடக்கவிட்டார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார், நிறையக் கேள்வி கேட்டார். அவளுக்கும் மைக்ரேனின் தொடக்கமாக இருக்கலாம், குடும்பத்தில் ஓடும் என்றார். பயப்பட வேண்டிய அடையாளங்களைச் சொன்னார்: திடீரென்று இதுவரை இல்லாத வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் பலவீனம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியும் வாந்தியும். அப்படி எதுவும் இல்லையென்றால் நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், தண்ணீர், இருட்டறை. வலி தொடங்கும்போதே எடைக்கேற்ற அளவில் சிரப் கொடுக்கலாம். ஆனால் அடிக்கடி அல்ல, முன்கூட்டியும் அல்ல.

கதவருகில் நின்று கடைசியாக ஒன்று சொன்னார். "பிள்ளைகள் நாம் சொல்வதைச் செய்வதில்லை. நாம் செய்வதைச் செய்கிறார்கள்."

எல்லோரும் சொல்லும் வார்த்தைதான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு எரிந்தது. லூசிக்குத் தனு செய்தது அன்பு. என் மகளுக்கு என்னிடமிருந்து கிடைத்த அன்பு, தாளில் மடித்த பாதி மாத்திரையின் வடிவத்தில் இருக்கிறது. நான் நிறுத்தாவிட்டால் அவள் நிறுத்தமாட்டாள். அதற்காகவாவது நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தேன். எடுத்த மறுநிமிடமே, வேலை போய்விட்டால் அவளை எந்தப் பாடசாலைக்கு அனுப்புவாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

4

அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

செல்வி அக்கா இன்னும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். நெற்றிக்கு மேலே, கூடைக்கயிறு அழுத்தி அழுத்தி முடி மெலிந்த இடம் தொலைபேசித் திரையில் பளபளக்கும்.

"ஏன்டி மாலா, மாத்திரையால தலவலி வருமா? அப்ப சோத்தால பசி வருமாக்கும்?"

"டொக்டர் சொன்னாங்கக்கா."

"அவங்க சொல்லுவாங்க. அவங்களுக்கென்ன, கூடையா தூக்குறாங்க? லண்டனுக்குப் போயி இதத்தான் படிச்சியா நீ?"

இங்கிலாந்து முழுவதும் அக்காவுக்கு லண்டன்தான். திருத்துவதை விட்டுவிட்டேன்.

"நீயும் கொஞ்சம் கொறச்சுப் பாருக்கா. காலையில ரொட்டி சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்துல சாயத்தண்ணியக் குடிச்சிட்டு மாத்திரையப் போட்டா…"

"ரொட்டி சுட்டு, தின்னுட்டு, ஆடி அசஞ்சு போனா பெரட்டுல பேரு போடுவானா? ஒனக்கு மறந்து போச்சுடி. நான் மாத்திரை போடாமப் போனா, கொழுந்து தானா வந்து கூடையில விழுமா?"

டொக்டர் எனக்குச் சொன்னவை அத்தனையும், நேரத்துக்குச் சாப்பிடவும் நேரத்துக்குத் தூங்கவும் உரிமையுள்ளவர்களுக்குச் சொல்லப்பட்டவை. அக்காவுக்கு அந்த உரிமையை நான் எந்தக் கடையில் வாங்கி அனுப்புவது? ஆத்திரமாக வந்தது. இரண்டு மாத்திரையில் ஒரு நாள் வேலையை வாங்கிக்கொள்ளும் அந்த ஏற்பாட்டின்மேல் வந்தது. அதை அக்காவே காவல் காப்பதுபோல் பேசியதால், அவள்மேலும் வந்தது.

"சரி, அடுத்த பார்சல்ல லண்டன் மாத்திரை போடுவதானே? இங்க உள்ளது சுண்ணாம்பு மாதிரி, ஒண்ணும் கேக்குதில்ல" என்றாள்.

"இல்லக்கா. இனிமே மாத்திரை அனுப்ப மாட்டேன்."

"ஓ, வேற யாரையாச்சும் கேக்குறேன் போ."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இணைப்பைத் துண்டிப்பாள் என்று நினைத்தேன். துண்டிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவளுடைய வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. பிறகு குரல் வந்தது.

"என்ன விடு. எனக்கு இனி என்ன. அந்தப் புள்ளைக்குப் பழக்காத."

5

நிறுத்திய முதல் கிழமையைப் பற்றி அழகாக எழுத வழியில்லை.

முதியோர் இல்லத்தின் வாடைகளை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். மூத்திரம், அதை மறைக்கும் பிளீச், அதற்கும் மேலே சமையலறையிலிருந்து வரும் இறைச்சிக் குழம்பு. ஜன்னல்கள் கொஞ்சம்தான் திறக்கும். சாதாரண நாளில் மூக்கு பழகிவிடும். வலி நாளில் ஒவ்வொரு வாடையும் தனித்தனியே வந்து நாக்கில் உட்காரும். நான் குளிப்பாட்டும் மூதாட்டியின் பவுடர் வாசம்கூட என்னைச் சுவரில் சாய்த்தது. அவர் பாவம், "நான் நாறுகிறேனா மகளே?" என்று கேட்டார். இல்லை என்றேன். நாற்றம் என் தலைக்குள்ளே இருந்தது.

ஊழியர் கழிவறையில் முழங்காலிட்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தபோது, மேலாளர் ஜூலி வெளியே நின்று கதவைத் தட்டினார்.

"மாலா? நலமா? ஏதாவது மாத்திரை போட்டாயா?"

எச்சில் வடிய, கழிப்பறை விளிம்பைப் பிடித்தபடி நான் சிரித்துவிட்டேன். கங்காணி ஆங்கிலம் படித்துக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டு, எனக்கு முன்பே இங்கு வந்து சேர்ந்துவிட்டான் என்று தோன்றியது. ஜூலி கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்கும் ஆள் போதாது. கங்காணிக்கும் ஆள் போதாதுதான்.

டொக்டர் தந்த விடுப்புக் கடிதம் என் பையிலேயே கசங்கியது.

"குடுத்துப் பாப்போம் புள்ள. கடிச்சா திங்கப் போறாங்க?" என்றார் சிவா.

"குடுத்துட்டு விசா போச்சுன்னா?"

"போனா கந்தப்பளைக்குப் போவோம். லீக்ஸ் நம்மள மறந்திருக்காது."

அவர் இப்படிப் பேசும்போது ஒருபக்கம் எரிச்சல், ஒருபக்கம் ஆறுதல். ஆனால் வலி நாட்களில் அவர் ஆலையிலிருந்து வந்தவுடன், கேட்காமலே வாசலில் சட்டையைக் கழற்றிவிட்டு நேரே குளிக்கப் போகத் தொடங்கியிருந்தார். வெங்காயத்தாள் வாடை என் கட்டில்வரை வராது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் செய்த நல்ல காரியங்களில் அதை முதலில் வைப்பேன்.

கடிதத்தை நான் கொடுக்கவில்லை. வேலைக்குப் போனேன், வாந்தியெடுத்தேன், வந்தேன். அப்படிப் போனது சரியா என்று தெரியவில்லை. மாத்திரையை மட்டும் போடவில்லை.

6

பிறகு குறைந்தது. இதைச் சொல்வதில் நாடகம் எதுவுமில்லை. ஒரு காலை விழித்தபோது தலை காலியாக இருந்தது. ஏதோ திருட்டுப் போய்விட்டதுபோல் எழுந்து உட்கார்ந்தேன். அப்படிப்பட்ட காலைகள் மெல்லக் கூடின. மைக்ரேன் இன்னும் வருகிறது. வந்தால் அதற்கென்று கொடுத்த வேறொரு மாத்திரை இருக்கிறது. தொடக்கத்திலேயே ஒன்று, அதுவும் எப்போதாவது. தினமும் வந்த அந்த மந்தமான வலி போய்விட்டது. தடுப்பு மருந்தாலா, பழைய மாத்திரையை விட்டதாலா, காலையில் சாப்பிடுவதாலா என்று டொக்டரிடம் கேட்டேன். மூன்றும் என்றார். எனக்கு ஒரு பதில்தான் வேண்டியிருந்தது.

காலையில் மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது, வேலைக்குப் போகுமுன் உட்கார்ந்து தின்பதற்கு. தனு ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டே ஆங்கிலத்தில் பேசுகிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். "அம்மா, யூ ஆர் ச்யூயிங் லௌட்லி" என்கிறாள். படுக்கைக்கு நேரமாகிவிட்டது என்றால், லூசி வீட்டில் இப்படியில்லை என்கிறாள். எனக்காக வந்த சட்டங்கள் அவளுக்குச் சிறையாகின்றனவோ என்று இடையிடையே பயப்படுகிறேன்.

இதை எழுதக் காரணம் போன சனிக்கிழமை. சிவா ஆலைக்குப் போய்விட்டார். காலையில் தனு பாதிக் கஞ்சியோடு கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"தலையா?"

"கொஞ்சம்."

டொக்டர் சொன்ன அளவில் சிரப்பைக் கொடுத்தேன். சிறிது நேரத்தில் அதையும் சேர்த்து வாந்தியெடுத்தாள். இன்னொரு முறை கொடுக்கலாமா, கூடாதா என்று மருந்தாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். கொஞ்சம் பொறுங்கள், தூங்கவிடுங்கள் என்றார். திரைச்சீலையை இழுத்து மூடி, நெற்றியில் ஈரத்துணி போட்டு, வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போது ஜூலி அழைத்தார். இரண்டு பேர் வரவில்லையாம், மத்தியானத்துக்கு நான் வர வேண்டுமாம். அறை அமைதியாக இருந்ததால் அவர் குரல் தனுவுக்கும் கேட்டது.

தனு எழுந்து உட்கார்ந்தாள். துணியை நெற்றியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். உதட்டில் இரத்தமே இல்லை. சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு முழுத் தமிழில் பேசினாள்:

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. சரியாயிருச்சு. நீங்க வேலைக்குப் போங்க."

எங்கள் பெண்கள் தேயிலைச் செடிக்கு அடியிலிருந்து எழுந்து நிற்கும்போது வைத்துக்கொள்ளும் முகம் அது. நான் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அந்தத் தோட்டத்தை விட்டு வந்தபோது அவளுக்கு நாலு வயது. ஆனால் பாதி மாத்திரை வந்த வழியே இதுவும் வந்திருக்கிறது. என் வயிற்றுக்குள் எழுந்த அருவருப்பு எந்த வாடையாலும் இதுவரை எழாதது.

"ஜூலி, இன்று என்னால் வர முடியாது" என்றேன்.

"உடம்பு சரியில்லையா?"

"மகளுக்கு மைக்ரேன்."

"ஓ, பாவம். ஏதாவது கொடுத்துவிட்டு வரக் கூடாதா?"

"கொடுத்தேன். வாந்தியெடுத்துவிட்டாள். இனி அவள் தூங்க வேண்டும். நான் பக்கத்தில் இருக்க வேண்டும்."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"மாலா, திங்கட்கிழமை நாம் பேச வேண்டியிருக்கும்."

"பேசலாம்" என்றேன்.

தொலைபேசியை வைத்தபோது தனு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏசுனாங்களாம்மா?"

"இல்ல. ஏசுவாங்க."

"வேலைய விட்டு எடுத்துருவாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நல்ல தாய் அப்படித்தான் சொல்வாளோ என்னவோ.

"தெரியல தனு. ஒனக்கு வலிக்குதா?"

அவள் யோசித்தாள். பிறகு முகம் உடைந்தது.

"ரொம்ப" என்றாள். சொல்லிவிட்டு வாளியைத் தேடினாள், அது எட்டவில்லை. என் மடியிலேயே எடுத்தாள். புளித்த பாலும் ஓட்ஸும் கால்வழியே சூடாக இறங்கின. அருவருப்பாகத்தான் இருந்தது, தாய்க்கு அருவருப்பு வராது என்று சொல்கிறவர்கள் துணி துவைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நான் அசையவில்லை. அவள் தலை என் தொடையில் கனத்து, மூச்சு சீராகி, தூங்கிப்போனாள். மாலையில் எழுந்து ரொட்டி கேட்டாள்.

திங்கட்கிழமை ஜூலியைப் பார்க்கப் போகிறேன். கசங்கிய அந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போவேன் என்பது மட்டும் நிச்சயம்.